சமுகமளிக்கவில்லை

பாமசி பில்லுக்கு ஆயுள் நாற்பது நாள்.
வெள்ளவத்தைக் கடற்காற்றில் அதிலும் குறைவு.
முதலில் திகதி போகும், பிறகு விலை,
கடைசியில் கடையின் பெயர் மட்டும்
சாம்பல் நிழலாய்க் கிடக்கும்.
சியாமளா ஒருநாள் அயன்பெட்டியை வைத்துப் பார்த்தாள்,
சூட்டுக்கு எழுத்து திரும்பி வரும் என்று
யாரோ சொன்னார்களாம்.
வந்தது. எல்லாம் வந்தது.
தாள் முழுக்க ஒரே கறுப்பு.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
மார்ச் மாதக் கதீற்றர் அத்தனையும்
அந்தக் கறுப்புக்குள்.

கோட்டையில், கணக்காய்வு நிறுவனமொன்றில்
பதினொரு வருடம் இருந்தவன் நான்.
அடுத்தவரின் வரிக்கு விலக்குத் தேடுவது என் சோறு.
கடல் பார்த்த வீட்டின் திரைச்சீலையை
அலுவலகச் செலவில் எழுதத் தெரியும்.
ஒரு நாயைக் காவல் உபகரணம் என்று
மூன்று வருடம் தேய்மானம் கழித்திருக்கிறேன்.
இன்று சிறுநீர்ப் பை முப்பது,
கையுறை இரண்டு பெட்டி,
படுக்கைப் புண்ணுக்கு வலைத்துணி.
எந்தத் தலைப்பின் கீழ் இவை வரும் என்று
எனக்கே தெரியவில்லை.
வருமானம் இருந்தால்தானே வரி,
வரி இருந்தால்தானே விலக்கு.

மிஞ்சியது உதவித்தொகை.
தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம்.
முடிந்தது எந்த வருடம் என்று சியாமளா கேட்டாளாம்.
பிறகு எங்கிருந்தோ ஒன்று கிடைத்தது.
அதில் 'இயலாமையின் இயல்பு' என்று ஒரு கட்டம்,
ஒரு விரல் அகலம்.
பேலியகொடையில் சறுக்கிய பஸ்ஸை,
அன்றைய மழையை,
முள்ளந்தண்டின் பத்தாம் எலும்பை
அந்த விரலகலத்துக்குள் மடித்து வைத்தேன்.

அலுவலகம் இரண்டாம் மாடியில். லிப்ட் பழுது.
சியாமளா ஏறினாள்.
ஆள் நேரில் வர வேண்டும்.
ஆள் கீழே ஓட்டோவில் இருக்கிறார்.
அப்படியென்றால் மேலே வரச் சொல்லுங்கள்.
இரண்டாம் தடவையும் இதுவே,
ஓட்டோ காத்திருந்த கூலி மட்டும் கூடுதல்.
பிறகு தபாலில் கடிதம்:
விண்ணப்பதாரி சமுகமளிக்கவில்லை.

சமுகமளித்தேன், ஐயா.
முதற்படியில் வெற்றிலைத் துப்பல்.
மூன்றாம் படியில் ஒரு வெடிப்பு.
கைப்பிடியில் உரிந்த பச்சைப் பெயின்ற்,
அதனடியில் நீலம், அதற்கும் அடியில் துரு.
திருப்பம் வரைக்கும் பதினேழு படி.
அதற்கப்பால் உள்ளதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாம் தடவை, ஓட்டோக்கார நௌஷாத்
ஒருவரையும் கேட்காமல் மேலே போனான்.
சண்டை போட்டானா, கெஞ்சினானா,
இன்றுவரை சொல்லவில்லை.
கால் மணி கழித்து ஒரு பெண் இறங்கி வந்தாள்,
ஒரு கை கைப்பிடியில்,
மறு கை எட்டு மாத வயிற்றின் கீழ்,
கோப்பு கக்கத்தில்.
ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.
எங்கள் முன் வந்தபோது பேச மூச்சில்லை.
நௌஷாதின் சீற்றில் சரிந்து உட்கார்ந்தாள்.
சியாமளா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

பில் எங்கே?
வெள்ளைத் தாள்களை எடுத்துக் கொடுத்தேன்.
ஒன்றும் வாசிக்க ஏலாதே, என்றாள் உடைந்த தமிழில்.
நான் சொல்கிறேன், எழுதுங்கள்.
திகதி, கடை, தொகை.
சதம் வரைக்கும் சொன்னேன்.
ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு நம்பினாளோ களைத்தாளோ,
எழுதிக்கொண்டே போனாள்.

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.
தற்காலிகமா, நிரந்தரமா?

இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை
எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை.
சியாமளா போத்தலின் மூடியைத் தேடத் தொடங்கினாள்.
அது என் மடியில்தான் கிடந்தது.
நிரந்தரம், என்று சிங்களத்தில் சொன்னேன்,
ஏதோ சியாமளாவுக்குச்
சிங்களம் தெரியாது என்பதுபோல.

முத்திரை மேலே, மேசையில்.
அவள் எழுந்து கைப்பிடியைப் பற்றினாள்.
நாங்கள் மூவரும்
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தோம்.